ஈறில் கசியும் இரத்தம்: வாசகர் கேள்விகளும் ஈறு மருத்துவரின் பதில்களும்

ஈறு நோய் குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து பல விதமாக வந்திருந்ததால், அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து, ஈறு சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி பெற்ற பல் மருத்துவரிடம் அளித்தோம். அவர் எழுதிய பதில்கள் இங்கே இடம்பெறுகின்றன.

நான் பள்ளி ஆசிரியை; வயது 34. இரண்டு மாதமாகப் பல் துலக்கும்போது வலப்பக்கக் கடைவாயில் இரத்தம் வருகிறது. வலி சிறிதும் இல்லை. பிரஷ் பட்டால் புண் பெரிதாகுமோ என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, விரலால் பற்பொடி தொட்டுத் தேய்க்கிறேன். வைட்டமின் சி குறைவு என்று மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டும் இரத்தம் நிற்கவில்லை.
– வாசகி, ஈரோடு

இரத்தம் கண்ட இடத்தைத் தொடாமல் விடுவது எல்லோருக்கும் தோன்றும் எச்சரிக்கைதான். ஈறைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கையே நோயை வளர்த்துவிடுகிறது. பல் துலக்கிய சில மணி நேரத்திற்குள் வாயிலுள்ள கிருமிகள் பல்லின்மேல் மீண்டும் ஒட்டத் தொடங்குகின்றன. அவை தனித்தனியே உதிரியாக இருப்பதில்லை. தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாகக் குடியேறி, தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் கை வைத்தால் தெரியும் வழுவழுப்பைப் போன்ற ஒரு படலமாகின்றன. ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் இந்தப் படலம் நாள்கணக்கில் தங்கினால், அதை எதிர்க்க உடல் அங்கே இரத்த ஓட்டத்தைப் பெருக்குகிறது, ஈறு வீங்குகிறது, பல்லை ஒட்டியிருக்கும் அதன் உட்புறத் தோல் மெலிந்து புண்ணாகிறது. பிரஷ் அந்தப் புண்ணைத் தொடும்போதுதான் இரத்தம் கசிகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று 1965-ல் கிடைத்தது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறழற்சி வந்துவிட்டது. அவர்கள் மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாள்களில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. உங்களுக்கு இருப்பது இந்த முதற்கட்டமாக இருந்தால், அது முழுமையாகக் குணமாகக்கூடியது. இதைக் கவனிக்காமல் விடுபவர்களில் பலருக்கு அழற்சி உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கத் தொடங்கும். பழைய விளம்பரங்களில் பயோரியா என்று சொல்லப்பட்டது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். அப்படிக் கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாக வளர்வதில்லை. முதற்கட்டத்திலும் வலி இல்லை, இரண்டாம் கட்டத்தின் பெரும்பகுதியிலும் வலி இல்லை என்பதால், வலியின்மையை நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே பற்பொடியையும் விரலையும் விட்டுவிட்டு, மென்மையான இழைகள் கொண்ட பிரஷ் ஒன்றை வாங்குங்கள். அதன் இழைகளை ஈறு விளிம்பை நோக்கி ஏறத்தாழ 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல், இரண்டு அல்லது மூன்று பற்களுக்கு ஒருமுறையாகச் சிறு அசைவுகளால் துலக்க வேண்டும். வெளிப்புறத்தைப் போலவே நாக்கை ஒட்டிய உட்புறத்தையும் துலக்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். காலையிலும் இரவு படுக்குமுன்னும் இரண்டிரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு பற்களுக்கு நடுவே பிரஷ் போகாது. ஈறு நோய் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. அந்த இடத்திற்கு ஃபிளாஸ் நூலையோ, பல்லிடைப் பிரஷையோ நாளுக்கு ஒருமுறை பயன்படுத்த வேண்டும். முதல் சில நாள்கள் இரத்தம் வரத்தான் செய்யும், அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நிற்கவில்லை என்றால், அந்தப் படலம் இறுகிக் காரையாகக் கெட்டியாகப் படிந்திருக்கிறது என்று பொருள். அதைப் பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

வைட்டமின் சி குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் வடியும் என்பது உண்மையே. மாதக்கணக்கில் பழமோ காய்கறியோ காணாத கப்பலோட்டிகளுக்கு அது வந்தது. பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747-ல் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அதைக் குணப்படுத்திக் காட்டினார். எலுமிச்சையும் கொய்யாவும் நெல்லிக்காயும் சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு, வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும் இரத்தத்திற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். பிரஷ் படாமலே ஈறிலிருந்து இரத்தம் வடிந்தாலோ, கூடவே காய்ச்சல், தோலில் சிவப்புப் புள்ளிகள், காரணமில்லாத கன்றல் ஆகியவை இருந்தாலோ, அன்றே பொது மருத்துவரைப் பாருங்கள். டெங்குவிலும், இரத்தத் தட்டணுக்கள் குறையும் நோய்களிலும், இரத்தப் புற்றுநோயிலும் முதல் அறிகுறி சில நேரம் வாயில்தான் தெரியும்.

பல் சுத்தம் செய்தால் பல் தேய்ந்து ஆட்டம் காணும் என்று என் தலைமுறையினர் உறுதியாக நம்புகிறோம். என் நண்பருக்கு ஸ்கேலிங் செய்த பின்பு பற்களுக்கு நடுவே சந்து விழுந்து, குளிர்ந்த நீர் குடித்தால் கூசுகிறது. நான் செய்துகொள்ளலாமா?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மதுரை

உங்கள் நண்பர் கண்டது உண்மை. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் சரியில்லை. முன்பு சொன்ன படலம் அகற்றப்படாமல் கிடந்தால், உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து சில நாள்களிலேயே இறுகத் தொடங்கும். அதுவே காரை. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் திறக்கும் இடங்களான கீழ் முன்பற்களின் உட்புறத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலும் அது மிகுதியாகச் சேரும். காரையின் சொரசொரப்பான மேற்பரப்பில் புதிய படலம் எளிதாகத் தங்குவதால், ஈறு பின்வாங்கி எலும்பும் கரைகிறது. ஈறு விட்டுப்போன இடத்தையும் அந்தக் காரையே அடைத்துக்கொண்டிருப்பதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. காரையை எடுத்ததும், ஏற்கெனவே உண்டாகியிருந்த இழப்பு கண்ணுக்குப் புலப்படுகிறது. அதுபோலவே, காரையின் பிடியில் அசையாமல் நின்ற பல் அந்தப் பிடி போனதும் சிறிது ஆடக்கூடும். ஈறு வற்றி இறுகிய பின் அந்த ஆட்டம் பலருக்குக் குறைகிறது. வேரின் மேற்பகுதி திறந்துகொள்வதால் வரும் கூச்சம் பெரும்பாலும் சில நாள்களிலிருந்து இரண்டொரு வாரத்தில் தணியும்.

இன்று பயன்படும் கருவி, மீயொலி அதிர்வாலும் நீர்த்தெளிப்பாலும் காரையை உடைத்து எடுக்கிறது. முறையாகக் கையாண்டால் பல்லின் எனாமலுக்குக் கருதத்தக்க தேய்மானம் இல்லை. ஆகவே தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் சலுகை விலையில் பல் சுத்தம் செய்து பளிச்சென்று ஆக்கித் தருவதாக வரும் விளம்பரங்களை நான் ஏற்கவில்லை. கறை போவது ஒன்று, ஈறு நோய் தீர்வது வேறு. வேலையைத் தொடங்குமுன் மருத்துவர், நுனியில் மில்லிமீட்டர் கோடுகள் உள்ள மெல்லிய கம்பி போன்ற கருவியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்து குறிக்கிறாரா என்று பாருங்கள். 1 முதல் 3 மி.மீ. வரை இருப்பது இயல்பு. 4 மி.மீ.க்கு மேற்பட்ட பள்ளங்கள் இருந்தால் எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் அளவைப் பார்க்க வேண்டும். ஈறின் கீழே, வேரின் மேலுள்ள காரையையும் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்குப் பின்பும் 6 மி.மீ. அளவில் நிற்கும் பள்ளங்களுக்கு ஈறை விலக்கிச் செய்யும் சிறு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். உலக அளவில் 2018 முதல், எலும்பைக் கரைக்கும் இந்த இரண்டாம் கட்ட நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். உங்களுக்கு எத்தனையாம் நிலை என்று கேளுங்கள். இத்தனையும் செய்யாமல் இருபது நிமிடத்தில் முடித்து அனுப்பினால், நீங்கள் பெற்றது மேற்பூச்சுச் சுத்தம் மட்டுமே.

எத்தனை மாதத்திற்கு ஒருமுறை என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. எலும்பு இழப்பு இருந்து சிகிச்சை பெற்றவர் மூன்று அல்லது நான்கு மாதத்திற்கு ஒருமுறை வர வேண்டும். ஈறு நலமாக இருப்பவருக்கு ஆண்டுக்கொரு பரிசோதனை போதும்.

என் ஈறு கறுப்பாக இருக்கிறது. இது நோயா? வெளுக்க வைக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், வேலூர்

நோயன்று. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஈறிலும் இருக்கிறது. நம்மவரில் பலருக்குக் கறுப்பு அல்லது பழுப்பு ஈறுதான் பிறவி நிறம். வெளுக்க வைக்கும் சிகிச்சைகள் உண்டு, அவை அழகுக்கானவை, நிறம் திரும்பவும் வரலாம். கறுத்த ஈறில் அழற்சியின் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. எனவே நீங்கள் நிறத்தைவிட வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் கவனியுங்கள். பிறவியிலிருந்து இல்லாமல், ஒரே இடத்தில் புதிதாகத் தோன்றி வளரும் கறுப்பை மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் தாத்தா ஒருநாளும் பிரஷ் தொட்டவர் இல்லை, கரியும் சாம்பலும்தான். எண்பது வயதிலும் அவருக்குப் பல் இருந்தது. நானோ நாளுக்கு இருமுறை துலக்கியும் 38 வயதில் இரண்டு பற்களை இழந்துவிட்டேன். இதெல்லாம் பரம்பரை என்று விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், அட்டன், இலங்கை

நீங்கள் எழுதும் ஊரிலிருந்தே இக்கேள்வி வந்திருப்பது பொருத்தமானது; ஏனெனில் இதற்கு உலகத்திலேயே சிறந்த விடை உங்கள் மலையகத்திலிருந்துதான் கிடைத்தது. முன்பு நான் குறிப்பிட்ட அதே ஹரால்ட் லோ, 1970-ல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார். பதின்ம வயதினரும் இளைஞர்களுமாகிய அவர்கள் பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ இல்லாதவர்கள். அவர்களிடம் பற்சொத்தையும் ஏறக்குறைய இல்லை. எனவே அவர்கள் இழந்த பற்களை ஈறு நோயின் கணக்கிலேயே எழுத முடிந்தது. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1986-ல் முடிவுகள் வெளியாயின.

அனைவருக்கும் பற்களில் படலமும் காரையும் நிறைந்திருந்தன. அனைவருக்கும் ஈறழற்சி இருந்தது. இருந்தும் அவர்கள் ஒரே வழியில் போகவில்லை. 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாகப் பரவியது. அவர்கள் 35 வயதில் சராசரியாக 12 பற்களை இழந்திருந்தார்கள், 40-ல் 20 பற்களை இழந்தார்கள், 45 வயதில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 81 விழுக்காட்டினருக்கு நடுத்தர வேகம். 45 வயதில் சராசரியாக 7 பற்களின் இழப்பு. எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கோ, அத்தனை காரை இருந்தும், நோய் ஈறழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. மனிதர்களுக்குப் பல் மருத்துவமே கிடைக்காமல் இருந்த நிலைமைதான் இந்த ஆய்வை நடத்த வழி செய்தது என்பதை எண்ணும்போது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. ஆயினும் ஈறு நோயைப் பற்றி எந்த நாட்டு மாணவர் படித்தாலும் இன்றும் அந்தத் தொழிலாளர்களின் வாயைப் பற்றித்தான் படிக்கிறார்.

உங்கள் தாத்தா அந்த 11 விழுக்காட்டைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம். கரியும் சாம்பலும் அவரைக் காப்பாற்றவில்லை. அவருடைய உடலின் எதிர்வினை அப்படி அமைந்திருந்தது. நீங்கள் வேறு பிரிவைச் சேர்ந்தவராக இருக்கலாம். பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நோய் வேகமாகப் பரவும் உடல்வாகு உள்ளவருக்கும் கிருமிப் படலம் இல்லாமல் அது தொடங்குவதில்லை. ஆகவே உங்களைப் போன்றவருக்குத்தான் பராமரிப்பால் பயன் மிகுதி. அதே தொழிலாளர்களில் 75 பேரை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கண்டு பரிசோதித்த ஆய்வு 2017-ல் வெளியானது. முப்பது வயதில் ஈறுப்பற்றின், அதாவது பல்லை ஈறு பற்றியிருக்கும் பிடிப்பின், சராசரி இழப்பு 2 மி.மீ.க்குக் குறைவாக இருந்தவர்களுக்கே அறுபது வயதில் 20 பற்களேனும் எஞ்சும் வாய்ப்பு நன்றாக இருந்தது என்று அது காட்டியது. முதுமையின் பற்கள் இளமையிலேயே பெருமளவு தீர்மானமாகிவிடுகின்றன. உங்கள் பிள்ளைகளையும், உடன்பிறந்தவர்களையும் இப்போதே ஒருமுறை ஈறின் ஆழம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் மட்டும் பதின்ம வயதிலேயே தாக்கும் ஒரு வகை, குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு.

எனக்கு 52 வயது. பத்தாண்டாகச் சர்க்கரை நோய்; மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.9. ஈறில் அடிக்கடி சீழ்க்கட்டி வருகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அடங்குகிறது, பிறகு வேறொரு பல்லில் வருகிறது. சர்க்கரை குறைந்த பிறகுதான் பல்லில் கை வைக்க முடியும் என்கிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

இடம் மாறி மாறி ஈறில் சீழ் வைப்பது, கட்டுப்படாத சர்க்கரைக்கு ஓர் அடையாளம். சர்க்கரை இருப்பதையே அறியாமல் இருந்த சிலருக்கு இதைப் பார்த்து நாங்கள் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதுண்டு. சர்க்கரை மிகுந்தால் வெள்ளையணுக்களின் வேலை மந்தமாகும், புண் ஆறத் தாமதமாகும், ஈறின் அழற்சி கூடும். மறுபக்கத்தில், ஈறில் ஓயாமல் எரியும் அழற்சி இன்சுலின் வேலை செய்வதைத் தடுத்துச் சர்க்கரையை ஏற்றுகிறது. கண், சிறுநீரகம், நரம்பு முதலியவற்றில் வரும் பாதிப்புகளோடு ஈறு நோயையும் சேர்த்து, அது நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று 1993-லேயே எழுதப்பட்டது.

அதனால் ஒன்று சரியான பிறகு மற்றொன்று என்று காத்திருப்பது உங்களுக்கு நட்டம். ஈறு சிகிச்சை செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகளுக்கு, மூன்று நான்கு மாதங்களில் அந்தச் சராசரி அளவு ஏறத்தாழ 0.4 குறைகிறது என்று பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-ல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு கூறுகிறது. கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். சர்க்கரை மருத்துவர் இதைச் சிறிதென்று சொல்லமாட்டார். ஈறின் கீழுள்ள காரையை எடுப்பதற்கு 8.9 தடையாகாது. பல் பிடுங்குவதையும் அறுவைச் சிகிச்சையையும் வேண்டுமானால் சர்க்கரை மருத்துவரின் கருத்தறிந்து பிறகு வைத்துக்கொள்ளலாம். காலை உணவையும் வழக்கமான மாத்திரையையும் விடாமல் எடுத்துக்கொண்டு, காலை வேளையிலேயே செல்லுங்கள். வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியில் மயங்கிச் சாய்பவர்கள் உண்டு.

திரும்பத் திரும்ப நீங்களே ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். காரையும் படலமும் இருக்கும்வரை மருந்து கட்டியை அடக்குமே தவிர நோயைத் தொடாது.

இருபது ஆண்டாகப் புகைக்கிறேன். என் ஈறில் ஒருநாளும் இரத்தம் வந்ததில்லை. எனக்கு ஈறு நோய் இல்லை என்று கொள்ளலாமா?
– வாசகர், தூத்துக்குடி

கொள்ளக்கூடாது. நிகோட்டின் ஈறின் இரத்த நாளங்களைச் சுருக்குவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே இரத்தம் வருவதில்லை. புகைப்பவர்களுக்கு இந்நோய் வருவதும் மிகுதி, சிகிச்சைக்கு அது பணிவதும் குறைவு. புகையை விட்ட சிலர், சில வாரங்களில் ஈறில் இரத்தம் வருவதைக் கண்டு மிரண்டு மீண்டும் பற்றவைத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இரத்த ஓட்டம் திரும்புவதன் விளைவு அது.

வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்கு, அதை அடக்கிவைக்கும் இடத்தில் ஈறு இறங்கி வேர் தெரியும். புகையிலை சேர்க்காமல் போட்டாலும் பாக்கு இருக்கிறது. அதையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது. வாயை முன்போல் அகலத் திறக்க முடியவில்லை என்றால் ஈறைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு உடனே அதைக் காட்டுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பிணி நான். ஈறு வீங்கி, முன்பற்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு சதை தொங்குகிறது, தொட்டாலே இரத்தம். பிரசவம் முடியும்வரை பல் மருத்துவரிடம் போகக்கூடாது என்று மாமியார் சொல்கிறார்.
– வாசகி, திருநெல்வேலி

உங்கள் மாமியாரின் அக்கறையை மதித்தே சொல்கிறேன்: இப்போதுதான் போக வேண்டும். கர்ப்பகால ஹார்மோன்கள், ஏற்கெனவே இருக்கும் சிறு படலத்திற்கும் ஈறு பெரிதாக வீங்கும்படி செய்கின்றன. இரண்டாம் மாத அளவில் தொடங்கும் இந்த வீக்கம் எட்டாம் மாதம்வரை கூடக்கூடும். தொங்கும் சதை புற்றுநோயன்று. பிரசவத்திற்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலம் பல் சிகிச்சைக்கு வசதியானது. காரை எடுப்பதாலும், தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசியாலும் குழந்தைக்குத் தீங்கில்லை. ஈறு சிகிச்சை செய்தால் குறைமாதப் பிரசவம் தவிரும் என்று சிலர் சொல்வதைப் பெரிய ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை; அதை நம்பிச் செல்ல வேண்டாம், உங்கள் ஈறுக்காகச் செல்லுங்கள். எத்தனையாம் மாதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் சாப்பிடத் தொடங்கிய பின் ஈறு வளர்ந்து பற்களைப் பாதி மூடிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடவா?
– வாசகர், நாகர்கோவில்

நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற அழுத்த மாத்திரைகளும், வலிப்புக்கான ஃபெனிடாயினும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரினும் சிலருக்கு ஈறை வளரச் செய்கின்றன. படலம் மிகுந்த வாயில் இந்த வளர்ச்சி கூடுதலாக இருப்பதால், சுத்தம் செய்த பின் ஓரளவு குறையும். மாத்திரை எழுதிய மருத்துவரிடம் காட்டினால் அவர் வேறு வகைக்கு மாற்றித் தர முடியும். அதன் பின்னும் எஞ்சும் சதையைச் சிறிய அறுவையில் வெட்டிச் சீராக்கலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள்: பல் வேலைக்காக நீங்களே அதை நிறுத்திவிட்டு வராதீர்கள்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார்கள் முன்னோர். வேப்பங்குச்சி, உப்பு, நல்லெண்ணெய் கொப்பளிப்பு ஆகியவற்றை விட்டுவிட்டு நாம் ஏன் பிரஷுக்கும் மவுத்வாஷுக்கும் செலவழிக்க வேண்டும்?
– இயற்கை வேளாண் ஆர்வலர், தஞ்சாவூர்

குச்சியின் நுனியை மென்று இழையாக்கித் தேய்ப்பது நல்ல பழக்கமே. வேம்பிற்குக் கிருமிகளை ஓரளவு அடக்கும் தன்மையும் இருக்கிறது. ஆனால் கடைவாயின் உட்புறத்தை ஒரு குச்சியால் எட்டுவது கடினம், பல்லிடுக்குக்குள் அது போகவே போகாது. கடினமாகத் தேய்த்து ஈறு இறங்கியவர்களையும் பார்க்கிறேன். உப்பு வெந்நீர் வீங்கிய ஈறுக்கு இதம் தரும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் படலம் ஓரளவு குறைவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. துலக்கிய பிறகு கூடுதலாகச் செய்துகொள்ளுங்கள், துலக்குவதற்கு ஈடாக வேண்டாம். செங்கல் பொடி, கரி, சாம்பல் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அவை பல்லை அறுக்கும். புகையிலை கலந்த பற்பொடிக்கு இந்தியாவில் 1992-லேயே தடை வந்துவிட்டது. பொருள் பட்டியல் இல்லாத பொடியை எங்கு கண்டாலும் வாங்காதீர்கள்.

மவுத்வாஷ் பற்றிய உங்கள் சலிப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் தன் பல்லிலிருந்து எடுத்த படலத்தை நுண்ணோக்கியில் வைத்து, அதில் உயிரினங்கள் ஓடித் திரிவதை முதன்முதலில் கண்ட ஆண்டனி வான் லீவென்ஹுக், காடியால் வாயைக் கொப்பளித்தும் பார்த்தார். படலத்தின் மேற்பரப்பில் இருந்தவை மடிந்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. இன்றைய வண்ணத் திரவங்களுக்கும் அந்தத் தடை இருக்கிறது. குளோர்ஹெக்சிடின் திரவம் மட்டும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் துலக்க முடியாத நாள்களில் உண்மையாகவே உதவும். அதையும் மருத்துவர் சொன்ன இரண்டொரு வாரத்திற்கு மேல் நீட்டினால் பல் பழுப்பாகும், சுவை மாறும். அந்தப் பணத்தில் பல்லிடைப் பிரஷ் வாங்குங்கள். அது பல அளவுகளில் வருகிறது. இடுக்கில் நுழையும்போது லேசாக உராய வேண்டும், வலிந்து திணிக்கக்கூடாது. இடைவெளியே இல்லாத இளைஞர்களுக்கு நூல்தான் பொருந்தும்.

எனக்குக் கீழ் முன்பற்கள் நான்கும் ஆடுகின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைத்தால் ஈறு நோய்த் தொல்லை ஒழிந்துவிடும் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். செலவும் பெரிது.
– வாசகி, சேலம்

ஒழியாது. செயற்கை வேரைச் சுற்றியும் அதே படலம் படியும், அதே அழற்சி வரும், எலும்பு கரையும். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே உள்ள நார்ப்பிணைப்பு இம்பிளான்டுக்கு இல்லாததால், அங்கே தொடங்கும் அழற்சி வேகமாக உள்ளே இறங்கக்கூடும். முன்பு ஈறு நோய் இருந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஆகவே எந்தப் பல்லை எடுப்பதானாலும் எடுக்காவிட்டாலும், மற்றப் பற்களைச் சுற்றியுள்ள நோயை முதலில் அடக்க வேண்டும்.

ஆடும் பல் எல்லாம் எடுக்க வேண்டிய பல் அன்று. பக்கவாட்டில் சிறிது அசையும் பற்களை, காரை நீக்கி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய இழையால் இணைத்துக் கட்டி ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க முடியும். மேலும் கீழுமாக அமுங்கும் பல்லை மட்டுமே காப்பாற்றுவது அரிது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈறு நோய்க்கெனத் தனித் துறையே உண்டு. இரண்டாவது கருத்தை அங்கே கேளுங்கள். காரை நீக்கிய பின் இரண்டு மூன்று மாதம் பொறுத்து மீண்டும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பல் நிற்கும், எது நிற்காது என்பது அப்போதுதான் தெளிவாகும். ஒருவேளை நான்கையும் எடுக்க நேர்ந்தாலும், எலும்பு ஆறும்வரை கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் போதும். அதை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைத்துவிட்டு, மற்றப் பற்களைத் துலக்கிவிட்டுப் படுங்கள்.